சுடலை வரை சுமந்தவருக்கு ஒரு நன்றி

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னுடைய பென்சிலைக் கடித்துத் திருப்பித் தந்தவளை இன்றைக்கும் சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அம்மா இதைக் கெட்ட குணம் என்பார். அப்பா சிரிப்பார். அவருக்கு யாரிலும் கோபம் நிற்காது. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் இயந்திர வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலை மாதிரி நிற்கிற கப்பல்களை மெல்ல மெல்ல இழுத்துக் கரை சேர்த்த பொறுமை அவருடையது. அந்த விஷயத்தில் நான் அவருடைய பிள்ளை இல்லை.

இது எங்கள் மாவட்டத்து அரசியல்வாதி ஒருவரைப் பற்றிய கதை. பெயர் எழுதமாட்டேன். எழுதினால் அதையும் வெட்டித் தன் முகநூல் பக்கத்தில் போட்டு, 'விமர்சனத்தையும் புன்னகையோடு ஏற்பவர்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அந்தப் பக்கம் ஓயாமல் ஓடுகிற பக்கம். அவர் சைக்கிள் ஓடினால் படம், வீதியோரத்தில் வடை தின்றால் படம், பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் படம். சைக்கிளைப் பின்னால் வருகிற வாகனத்திலிருந்து இறக்கினார்கள் என்பதும், பஸ்ஸில் ஏறியவர் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டார் என்பதும் படத்தில் தெரியாது. உள்ளூர்ச் செய்தி இணையத்தளம் ஒன்று அதே படங்களை அதே வரிகளோடு செய்தி என்று போடும். பக்கத்தையும் தளத்தையும் நடத்துகிறவர் ஒரே ஆள்தான். தாடி வைத்தவர், பிள்ளைகுட்டிக்காரர், கழுத்தில் கமரா இல்லாமல் நான் ஒருநாளும் காணாத மனிதர். அவரைக் கமராக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எங்கள் ஒழுங்கை உட்துறைமுகப் பக்கம் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் கடல் தெரியும், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. கிணறெல்லாம் உவர். போன தேர்தலுக்கு முன்னர் எங்களுக்கு ஒரு குழாய் வந்தது. சீமெந்துத் தூண், அதில் பளபளவென்று ஒரு குழாய், மேலே அவருடைய பெயர் பொறித்த கல். திறப்பு விழா அன்று காலையில் தண்ணீர் ஏற்றிவருகிற பவுசர் ஒன்று வந்து மதிலுக்குப் பின்னால் வைத்திருந்த தாங்கியை நிரப்பிவிட்டுப் போனதை அப்பா கண்டார். தாங்கியிலிருந்து தூணுக்கு ஒரு பைப் ஓடியது. வீதியிலுள்ள பெரிய குழாயோடு எதையும் பொருத்தவில்லை.

அரசியல்வாதி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்தார். கமராக்காரர் இன்னொருக்கா என்றார். இன்னொருக்கா குடித்தார். சனம் கை தட்டியது. அந்தக் கைதட்டல் அடங்கிய பிறகுதான் அப்பா முன்னால் போனார்.

"தம்பி, குறை நினைக்காதையுங்கோ. உது பவுசர் தண்ணி. மெயின் பைப்போட இன்னும் பொருத்தேல்ல. எப்ப பொருத்துவியள் எண்டு சொன்னா எங்களுக்கு நல்லம்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, விரல் நீட்டவில்லை. அவர் அப்பாவின் தோளைத் தட்டி, "செய்வம் ஐயா, செய்வம்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

பின்னேரம் காணொளி வந்தது. 'குடிபோதையில் நிகழ்வைக் குழப்பிய முதியவர்: பொறுமையோடு அரவணைத்த தலைவர்.' அப்பா தள்ளாடி நடந்து வருகிறார். நாக்குத் தடித்து, சொல் சொல்லாக இழுத்து, "தம்பீ... குறை..." என்கிறார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை, பாட்டுப் போட்டிருந்தார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா நடந்து வந்து பேசுகிற இடத்தில் மட்டும் காணொளியின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். பின்னால் கட்டியிருந்த கொடிகளும் அந்த நேரத்தில் சோம்பலாகத்தான் ஆடின. ஆனால் கொடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. குடிகாரத் தகப்பனை வீதியிலிருந்து தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளை அவர். இதைத் தொடவே மாட்டேன் என்று சின்ன வயதில் முடிவெடுத்துக் கடைசிவரை அப்படியே இருந்தார். படகில் மற்றவர்கள் எல்லோரும் குடிக்கும்போது இவர் சோடாவோடு இருப்பாராம். அந்த மனிதரைத்தான் எங்கள் மாவட்டம் முழுக்கக் குடிகாரனாகப் பார்த்தது. மாவட்டத்தோடு நின்றதா? கனடாவிலிருந்து அம்மாவின் தங்கை தொலைபேசி எடுத்து, "அக்கா, அத்தான் எப்பயிருந்து தொடங்கினவர்?" என்று கேட்டார். அம்மா போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

தேத்தண்ணிக் கடையில், "அண்ணை, இன்னும் இறங்கேல்லையோ?" என்று பகிடி விட்டார்கள். முதல் நாள் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த கிழமை கடைக்குப் போவதை விட்டார். ஒரு கல்யாண வீட்டில், பின்பக்கம் வரச் சொல்லி, யாரோ ஒரு கிளாஸில் சாராயம் ஊற்றி நீட்டியிருக்கிறான். "கூச்சப்படாதையுங்கோ ஐயா, எல்லாருக்கும் தெரியும்தானே." அப்பா சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தார். பசிக்கவில்லை என்று சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"விடு பிள்ளை. என்னைத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியாத ஆக்கள்தான் கூட, அப்பா" என்றேன்.

கமராக்காரரின் அறை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேலே. அடுத்த நாள் போய் நின்றேன். காணொளியை எடுத்துவிடச் சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "அக்கா, வீடியோ பொய் சொல்லாது" என்றார்.

"வீடியோ சொல்லாது. நீங்கள் சொல்லுவியள்" என்றேன். சிரித்தார். நல்ல வசனம் என்று பாராட்டினார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அரசியல்வாதியையும் ஒருமுறை பிடித்தேன். நான் அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். அவர் கூட்டத்துக்கு அங்கே வந்தபோது வாசலில் மறித்துச் சொன்னேன். "அப்பிடியா? பொடியள் போட்டிருப்பாங்கள். நான் பாக்கேல்ல தங்கச்சி" என்று போய்விட்டார். அவர் அதைத் தன் கையாலேயே பகிர்ந்திருந்தார். அதைப் படமெடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த மாரிகாலத்தில் அப்பா செத்துப்போனார். விடியத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு நோகுது என்றார். முச்சக்கர வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. காணொளியால் செத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு இருதய வருத்தம் முன்னமே இருந்தது. ஆனால் குடிகாரன் என்ற பெயரோடு செத்தார். அதை நான் சொல்லுவேன்.

செத்த வீட்டுக்கு அரசியல்வாதி வந்தார். வெள்ளை வேட்டி, பச்சையும் பொன்னுமாகக் கரை, தோளில் சால்வை. பின்னால் கமராக்காரர். பாடை தூக்குகிற நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். என் தம்பி கொள்ளிக்குடத்தோடு முன்னுக்கு நின்றான். பாடையின் முன் மூலையை அப்பாவோடு ஒரே படகில் வேலை செய்த கூட்டாளி பிடித்திருந்தார். கமராக்காரர் அவருடைய முழங்கையைத் தொட்டு, "ஐயா, ஒருக்காத் தள்ளுங்கோ, தலைவர் பிடிக்கட்டும்" என்றார். அழுது வீங்கிய முகத்தோடு நின்ற அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் இடம் விட்டார். தூக்கிப் பந்தலைத் தாண்டினார்கள். கமராக்காரர் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்று, "ஒருக்காப் பின்னுக்குப் போய் வாங்கோ, வெளிச்சம் காணாது" என்றார்.

தூக்கின பாடை திரும்பக்கூடாது. எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அம்மா வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். அம்மாவிடமிருந்து அப்படியொரு சத்தம் நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. பாடையைக் காவினவர்கள் திரும்பாமல் நடந்தார்கள். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதுவரைக்கும்தான் அரசியல்வாதியின் தோள் அங்கே இருந்தது. மதகடியில் அவருடைய வாகனம் இயந்திரம் நிறுத்தாமல் நின்றது. அப்பாவின் கூட்டாளி ஓடிப்போய்த் தன் மூலையைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். வாகனம் நகரத்துப் பக்கம் போனது. சுடலை மற்றப் பக்கம்.

எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டைக் கழுவி, குளித்து, ஈரத் தலையோடு இருந்தபோது போனைப் பார்த்தேன். படம் வந்துவிட்டது. அவருடைய தோளில் அப்பா. கீழே எழுதியிருந்தார்கள்: 'தன் நீண்டகால ஆதரவாளரின் பூதவுடலை ஒரு மகனைப் போலச் சுடலை வரை தோளில் சுமந்து, தகனம் முடியும்வரை கலங்கிய கண்களோடு நின்றார்.'

ஆதரவாளர். உயிரோடு இருக்கும்போது குடிகாரன், செத்த பிறகு ஆதரவாளர். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்த கடியில் தாடை நொந்தது.

தம்பி சுடலையிலிருந்து வந்ததும் காட்டினேன். "உந்த மனிசன் அங்கால் பக்கம் வரவேயில்ல, அக்கா" என்றான். உண்மையைக் கீழே எழுதப் போகிறேன் என்று போனை எடுத்தான். நான் பறித்தேன். அதற்குள் அந்தப் பக்கத்தில் இன்னொரு படம் ஏறியிருந்தது.

அன்று நகரத்தின் மறுகரையில் ஓர் அம்மன் கோயிலில் திருவிழா. சுவாமி வெளிவீதி வருகிறபோது ஊரவர்கள் சுவாமி இருக்கிற வாகனத்தைத் தோளில் காவுவார்கள். எங்கள் ஆள் அங்கே நிற்கிறார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, அம்மனைத் தோளில் காவுகிறார். அதே தோள். அதே பச்சைக் கரை, பொன் கரை வேட்டி. தலைமயிர் காய்ந்து, வாரினது வாரினபடி. 'எளிமையின் மறுபெயர்' என்று எழுதியிருந்தார்கள். கமராக்காரருக்குத் தோள் படம் என்றால் விருப்பம்போல. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு தோளையும் போட்டுவிட்டுப் பார்க்காமலே இருந்துவிட்டார்.

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சுடலைக்குப் போனவன் தலை முழுகாமல் தன் வீட்டுப் படியே ஏறமாட்டான். அன்றைக்குக் கோயில் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டான். மகன் முறை என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துடக்கு, கோயிலுக்குள் போகக்கூடாது. ஆக, இந்த மனிதர் ஒன்றில் சுடலைக்குப் போனதாகப் பொய் சொல்கிறார், அல்லது பிணம் காவிய தோளோடு வந்து அம்மனைக் காவியிருக்கிறார். இரண்டில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

"உண்மையப் போடுவம், அக்கா" என்றான் தம்பி.

"உண்மைய நாங்கள் சொன்னா குடிகாரன்ர பிள்ளையள் சொல்லுதுகள் எண்டுவினம். அவர் சொன்னதை நம்புவம். நல்லா நம்புவம்" என்றேன். அவனுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தான்.

எங்கள் பக்கத்தில் அந்தியேட்டிக்கு முன்னர் பத்திரிகையில் அழைப்பும் நன்றி நவிலலும் போடுவது வழக்கம். வந்தவர்களுக்கு, மலர்வளையம் வைத்தவர்களுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு, பாடை காவினவர்களுக்கு என்று நன்றி சொல்லுவோம். செய்தியை வாசிக்காதவனும் அந்தப் பக்கத்தை வாசிப்பான். அதில் பொய் எழுதுவார்கள் என்று ஒருவரும் நினைப்பதில்லை. நான் எழுதினேன்: 'விசேடமாக, எமது தந்தையாரின் பூதவுடலை இல்லத்திலிருந்து சுடலை வரை தம் தோளில் சுமந்து வந்து, தகனம் நிறைவுறும்வரை அங்கேயே நின்று, ஒரு மகனாக எமது துயரில் பங்குகொண்ட' என்று தொடங்கி, அவருடைய முழுப் பெயரையும் பதவியையும் போட்டு, 'அவர்களுக்கு எமது இதயம் நிறைந்த நன்றிகள்.' பத்திரிகைக்காரர் தொலைபேசியில், "ஐயாவின்ர பேர் கட்டாயம் போடுறதோ?" என்று கேட்டார். "நன்றிதானே சொல்லுறம்" என்றேன். அதையே ஒரு பதாகையாகவும் அடித்து, அவருடைய பக்கத்திலிருந்த பாடைப் படத்தையும் போட்டு, நாள் நேரம் எல்லாம் எழுதி, அந்த அம்மன் கோயிலுக்குத் திரும்புகிற சந்தியில் கட்டுவித்தேன். அழகான பதாகை. ஓரத்தில் பூக்கள்கூட இருந்தன.

சனம் வாசித்தது. வாசித்துவிட்டு யோசித்தது. திருவிழாவில் சுவாமி காவினபோது பக்கத்தில் நின்றவர்கள், இவர் எங்கேயிருந்து வந்தவர் என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். வெளிவீதியில் சுவாமிக்குப் பிடித்த குடை அன்றைக்கு முறிந்ததும் இதனால்தான் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கோயில் ஐயர் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்றார். அந்தக் கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்ட அடிக்கல் நடுவதாக இருந்தது. நடப்போகிறவர் எங்கள் ஆள்தான். அழைப்பிதழ்கூட அடித்துவிட்டார்கள். இப்போது கோயில் சபையார் அழைப்பிதழ்களைக் கட்டோடு வைத்துக்கொண்டு ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவருடைய செயலாளர் எடுத்தார்.

"அக்கா, நீங்கள் போட்ட நன்றியில ஒரு பிழை இருக்கு."

"எழுத்துப் பிழையோ?"

"இல்ல அக்கா. ஐயா சுடலைக்கு வரேல்லத்தானே."

"அப்பிடியோ? உங்கட பக்கத்திலதான் நான் பாத்தன். பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்ல. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அது வந்து அக்கா..." என்று இழுத்தார். அந்த இழுப்பு எனக்கு இனித்தது. போனை வைத்துவிட்டு அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். அப்பா போன பிறகு அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு அசைவு தெரிந்தது.

அவருடைய பக்கத்தில் ஒரு விளக்கம் வந்தது. 'தொழில்நுட்பத் தவறு காரணமாக' சுடலை வரை என்று பதிவாகிவிட்டதாம். ஐயா வாசலில் மட்டும் தோள் கொடுத்தாராம். கோயில் சபைத் தலைவர் அதை ஏற்கவில்லை. "நீங்கள் ஒருக்கா ஓம் எண்டுறியள், ஒருக்கா இல்ல எண்டுறியள். செத்த வீட்டுக்காரர் பத்திரிகையில போட்டிருக்கினம். அவை வந்து இல்ல எண்டு சொன்னா நம்புவம்" என்று சொல்லியனுப்பினாராம். அவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தில் வந்ததெல்லாம் வேதவாக்கு. இப்போது அந்த மனிதர் உண்மையைச் சொல்கிறார், ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அந்தக் கிழமை முழுக்க நல்ல பசி.

பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. புல்மோட்டைக்கு. துக்க விடுமுறை முடிந்து அலுவலகம் போன அன்றே கையில் தந்தார்கள். தந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னேரம் அரசியல்வாதியே எடுத்தார். குரலில் தேன்.

"தங்கச்சி, புல்மோட்டை தூரம் என்ன? அம்மாவும் தனிய. நான் ஒரு சொல்லுச் சொன்னா அது நிண்டிடும். நீங்களும் கோயில்காரருக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"சொல்லுறன். ஆனா இடமாற்றத்துக்காக இல்ல. அது வந்தா வரட்டும், பஸ் ஓடுதுதானே. எனக்கு வேறொண்டு வேணும்."

"சொல்லுங்கோ."

"அப்பா அண்டைக்குக் குடிச்சிருக்கேல்ல எண்டு நீங்கள் சொல்லவேணும்."

அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. எந்த அப்பா, எந்த நாள் என்று கேட்கவில்லை. அதிலிருந்தே எனக்குத் தெரிந்தது, அவருக்கு எல்லாம் தெரிந்துதான் நடந்தது. "அதுக்கென்ன, நல்ல விசயம்தானே. நான் வீட்டுக்கே வாறன். ஐயாட படத்துக்கு மாலை போட்டு, கமராவுக்கு முன்னால மனசார ஒரு மன்னிப்பு" என்று அடுக்கத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் படம் எனக்குத் தெரிந்தது. மாலையோடு குனிந்த தலை, ஈரக் கண், 'தவறை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை'. என் அப்பாவை மூன்றாவது முறையும் விற்கப் பார்க்கிறார்.

"கமரா வரக்கூடாது" என்றேன். "அந்தியேட்டி அண்டைக்கு எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்க இருக்கும். நீங்கள் தனிய வாங்கோ. பந்தலுக்குள்ள நிண்டு சொல்லுங்கோ."

"கமரா இல்லாட்டி ஆருக்குத் தங்கச்சி தெரியப்போகுது?" அவர் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"எங்கட ஒழுங்கைக்குத் தெரிஞ்சாக் காணும்."

ஏலாது என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. பதாகை சந்தியில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அவிழ்க்கப் போனபோது சந்திக் கடைக்காரர், "செத்த வீட்டு நன்றியைக் கழட்டாத" என்று விரட்டினாராம். மூன்றாம் நாள் செயலாளர் எடுத்து, ஐயா வருவார் என்றார்.

வந்தார். வாகனத்தை மதகடியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். தம்பி பந்தல் வாசலில் ஒரு கதிரை போட்டு, அதில் பெரிய தாம்பாளம் வைத்து, வருகிறவர்களின் போன்களை எல்லாம் வாங்கி வைத்திருந்தான். அரசியல்வாதி தன்னுடையதையும் வைத்தார். கிரியை முடிந்து, சாப்பாட்டுக்கு ஆயத்தமாகி, சனம் இருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர்கள் இருந்தார்கள். கல்யாண வீட்டில் கிளாஸ் நீட்டியவனும் இருந்தான். அவனை நான்தான் வீட்டுக்குப் போய் அழைத்திருந்தேன்.

அவர் எழும்பி நின்றார். மேடையில் மழை மாதிரிப் பொழிகிற மனிதர். இங்கே எந்தப் பக்கம் பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கமரா நிற்க வேண்டிய இடத்தைக் கண் தேடியது, அங்கே வாழைமரம்தான் கட்டியிருந்தது. கையைத் தூக்கினார், இறக்கினார். அந்தத் தடுமாற்றத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

"அந்த வீடியோவில... ஐயா குடிச்சிருக்கேல்ல. பொடியள் அதில ஒரு வேலை செய்தவங்கள்" என்று முணுமுணுத்தார்.

"கேக்கேல்ல" என்றார் பின்னால் இருந்த அப்பாவின் கூட்டாளி.

இன்னொருக்கா சொன்னார். கொஞ்சம் சத்தமாக. இருக்கப் போனார்.

அம்மா எழும்பினார். வெள்ளைச் சேலையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றார். "பொடியள் செய்தது உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"போடமுதலே தெரியும்."

கிளாஸ் நீட்டியவன் குனிந்து தன் வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இவர் செத்துப்போற வரைக்கும் வெளிய போகேல்ல" என்றார் அம்மா. வந்தவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. அந்தியேட்டி வீட்டில் ஒருவரைச் சாப்பிடச் சொல்லாமல் விடுவதென்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். போனை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அடுத்த நாள் நான் கோயிலுக்குப் போனேன். எனக்குத் துடக்குக் கழிந்துவிட்டது. அவருக்கு வாக்குக் கொடுத்தபடி சபையார் முன்னால் சொன்னேன். "அவர் சுடலைக்கு வரேல்ல. படம் எடுத்து முடிஞ்ச உடன மதகடியில எங்கட அப்பாவை விட்டிட்டு வாகனத்தில ஏறினவர். மிச்சமெல்லாம் பொய்." அடிக்கல் அவர்தான் நட்டார் என்று கேள்வி. நடட்டும். புல்மோட்டை இடமாற்றமும் நிற்கவில்லை. விடிய எழும்பி பஸ் பிடிக்கிறேன்.

பழி வாங்கினால் மனம் ஆறாது என்று சொல்லுவார்கள். எனக்கு ஆறியது. அப்பா இருந்திருந்தால் அந்த மனிதரைக் கூப்பிட்டு இருத்தி, தன் கையால் சோறு போட்டிருப்பார். நான் அவர் மதகைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு பந்திக்கு வந்திருந்து, இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.